பெட்டி இல்லாமல் மிக்சிங் பழக முடியுமா?

நேரலை மிக்சிங் செய்பவர்களிடம் "இதை எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நிகழ்ச்சியிலேயேதான்." முதல் வருடம் கேபிள் சுற்றுவது, அடுத்த வருடம் கேமரா பிடிப்பது, அதற்குப் பிறகு அண்ணன் பந்திக்குப் போகிற அரை மணி நேரம் மிக்சர் முன்னால் உட்காருவது. அந்த அரை மணி நேரத்தில் கை தவறினால் மண்டபத்தின் எல்இடி திரையிலும் தெரியும், பாரீஸில் உட்கார்ந்து யூடியூபில் பார்க்கிற மாமா வீட்டிலும் தெரியும். கார் ஓட்டப் பழகுபவருக்கு எல் போர்டு உண்டு. மிக்சிங் பழகுபவருக்கு அது கிடையாது.

எங்கள் தவளக்குப்பம் பக்கம், கடலூர் சாலையை ஒட்டிய மண்டபங்களில் இந்த வேலைக்கு வரும் பையன்கள் சிலரிடம் பேசியபோது ஒன்று புரிந்தது. அவர்களுக்கு ஆர்வத்தில் குறையில்லை, பெட்டியோடு தனியாக இருக்கும் நேரம்தான் கிடைப்பதில்லை. யூனிட் காலையில் வரும், மதியம் கழற்றி வண்டியில் ஏறிவிடும். பெட்டி முதலாளியுடையது, அல்லது நாள் வாடகைக்கு எடுத்தது. "நீ சும்மா தட்டிப் பார்" என்று யாரும் கொடுக்க மாட்டார்கள்.

பெட்டியே இல்லாமல், ஒரு சாதாரணக் கணினியில் இதைப் பழக முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. முடியும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. எதைப் பழகலாம், எதைப் பழக முடியாது, ஏன் என்று பார்ப்போம்.

கொஞ்சம் பின்கதை

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அந்தக் காலத்தில் 'விஷன் மிக்சர்' என்ற கருவியைத் தொட வேண்டுமென்றால் தூர்தர்ஷனில் வேலை வேண்டும். புனே திரைப்படக் கல்லூரியின் தொலைக்காட்சிப் பிரிவு அதற்கு ஒரு வருடம் முன்னால், 1974-ல் டெல்லியிலிருந்து புனேவுக்கு வந்திருந்தது. நிலைய ஊழியர்களுக்கான பயிற்சி அங்கேதான். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்த பிறகு தனியார் ஸ்டுடியோக்களிலும் இந்தக் கருவிகள் நுழைந்தன. அப்போதும் அவை ஸ்டுடியோ கதவுக்குள்தான் இருந்தன.

பெரிய மாற்றம் 2019 செப்டம்பரில் வந்தது. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் ஏடெம் மினி என்ற சிறு ஸ்விட்சரை அறிவித்தது. நான்கு எச்டிஎம்ஐ உள்ளீடு, அறிமுக விலை 295 டாலர். சில மாதங்களில் கொரோனா வந்தது. கோயில், தேவாலயம், திருமணம், இறுதிச் சடங்கு என்று எல்லாமே நேரலைக்குப் போனது. இன்று நம் ஊர்களில் 'மிக்சிங் யூனிட்' என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்த ஏடெம் குடும்பத்தில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையிலும் அதையே எடுத்துக்கொள்கிறேன். மற்ற கம்பெனிப் பெட்டிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

பெட்டி மலிவானது உண்மை. ஆனால் பழகுவதற்குப் பெட்டி மட்டும் போதாதே? குறைந்தது மூன்று கேமரா, கேபிள், மானிட்டர் எல்லாம் வேண்டும். கற்றுக்கொள்பவர் வீட்டில் இவை இருக்காது.

சிமுலேட்டர் ஏன் சாத்தியம்?

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஸ்விட்சரில் படம் ஓடும் பாதை வேறு, கட்டளை ஓடும் பாதை வேறு.

கேமராவிலிருந்து வரும் படம் பெட்டிக்குள் நுழைந்து, அங்கேயே கலக்கப்பட்டு, வெளியே போகிறது. ஒரு எச்டி-எஸ்டிஐ கேபிளில் விநாடிக்கு 1.485 ஜிகாபிட் ஓடுகிறது. இந்தப் படம் உங்கள் லேப்டாப்பில் இருக்கும் 'ஏடெம் சாஃப்ட்வேர் கண்ட்ரோல்' மென்பொருள் வழியாகப் போவதே இல்லை. அந்த மென்பொருள் நெட்வொர்க் கேபிள் வழியாகப் பெட்டிக்குச் சின்னச் சின்னச் செய்திகளை அனுப்புகிறது, பெட்டி பதில் அனுப்புகிறது, அவ்வளவுதான். "புரோகிராமில் 2-ம் கேமராவைப் போடு" என்ற கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். 12 பைட் தலைப்பு, கட்டளையின் பெயரோடு 8 பைட், எந்த உள்ளீடு என்று சொல்ல 4 பைட். மொத்தம் 24 பைட். ஒரு எஸ்எம்எஸ்ஸை விடச் சின்னது.

உரையாடல் இப்படிப் போகும். மென்பொருள் பெட்டியின் முகவரிக்கு, யுடிபி 9910 என்ற போர்ட்டில், வணக்கம் சொல்லும். பெட்டி பதில் வணக்கம் சொல்லிவிட்டுத் தன் முழு நிலையையும் கொட்டும்: எத்தனை உள்ளீடு, அவற்றின் பெயர் என்ன, இப்போது புரோகிராமில் எது, பிரிவியூவில் எது, எந்தக் கீயர் ஆன், டிரான்ஸிஷன் வேகம் எவ்வளவு, ஆடியோ ஃபேடர் எங்கே நிற்கிறது என்று எல்லாமே. கடைசியில் "முடிந்தது" என்று ஒரு செய்தி. அதற்குப் பிறகு எது மாறினாலும் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் அனுப்பும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. திரையில் 2-ம் பட்டன் சிவப்பாக மாறுகிறதே, அது உங்கள் மவுஸ் கிளிக்கால் மாறுவது அல்ல. கிளிக் செய்தவுடன் கட்டளை போகிறது. பெட்டி அதை நிறைவேற்றி "இப்போது புரோகிராமில் 2" என்று பதில் சொன்ன பிறகுதான் பட்டன் சிவப்பாகிறது. கேமரா மேல் எரியும் டாலி விளக்கும் அப்படித்தான். ஆகவே அந்தச் சிவப்பு என்பது பெட்டி தரும் வாக்குமூலம்.

எனவே ஒரு சிமுலேட்டர் படத்தைக் கலக்க வேண்டிய அவசியமில்லை. பெட்டி பேசுவது போலப் பேசினால் போதும். நிலையை நினைவில் வைத்துக்கொண்டு, கட்டளை வரும்போது மாற்றி, பதில் சொல்லத் தெரிந்த ஒரு சிறு நிரல், மென்பொருளுக்கு அசல் பெட்டி போலவே தெரியும்.

ஆர்மோனியக் காற்றில் பறந்த விமானம்

"படமே இல்லாமல் என்ன பயிற்சி?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பத்துக்கு பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை இருந்தது. ஆர்கன் என்பது நம் ஆர்மோனியம் போலத் துருத்திக் காற்றில் இயங்குவது. அந்தத் துருத்திகளை வைத்தே 1929-ல் அவர் ஒரு போலி விமானத்தைச் செய்தார். கட்டைச் சிறகு வைத்த ஒரு பெட்டி. உள்ளே விமானி உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்பினால் பெட்டி சாயும், திரும்பும். ஆரம்பத்தில் பொருட்காட்சி விளையாட்டுச் சாமானாகத்தான் அதிகம் விற்றது.

1934 பிப்ரவரியில் அமெரிக்கத் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பு ராணுவத்திடம் வந்தது. இரவிலும் பனிமூட்டத்திலும் பறந்து பழக்கமில்லாத விமானிகள் அடுத்தடுத்து விபத்தில் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் லிங்கின் பெட்டிகளில் ஆறு வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இப்படிப்பட்ட பெட்டிகள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன.

அந்தப் பெட்டியின் மூடியை மூடினால் வெளியே எதுவும் தெரியாது. வானம் கிடையாது, ஓடுதளம் கிடையாது. முன்னால் இருக்கும் கருவி முள்களை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். அந்த விமானிகளுக்குத் தேவைப்பட்டதும் அதுதான். பனிமூட்டத்தில் உடம்பு ஒன்று சொல்லும், முள் வேறொன்று சொல்லும். முள்ளை நம்பக் கற்றவர் பிழைத்தார்.

மிக்சர் முன்னால் உட்காருபவருக்கும் இது பொருந்தும். பதற்றத்தில் "நான் 2-ஐத்தானே அழுத்தினேன்" என்று மனம் சொல்லும். பலகை என்ன சொல்கிறது என்பதைப் பார்க்கப் பழக வேண்டும்.

மூன்று வழிகள்

முதல் வழி, ஓபிஎஸ். இலவசம், நிரல் எழுதத் தேவையில்லை. அதில் 'ஸ்டுடியோ மோட்' என்று ஒரு வசதி உண்டு. அதை இயக்கினால் இடது பக்கம் பிரிவியூ, வலது பக்கம் புரோகிராம் வந்துவிடும். நான்கு காட்சிகளை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வீடியோ கோப்பைத் திரும்பத் திரும்ப ஓடும்படி வையுங்கள். ஒரே கல்யாணத்தை மூன்று கேமராவில் எடுத்த பழைய கோப்புகள் கிடைத்தால் அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. மாற்றிய பிறகு பிரிவியூவும் புரோகிராமும் இடம் மாறிக்கொள்ளும் தேர்வையும் இயக்கிவிடுங்கள். ஏடெம் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

இரண்டாவது வழி, விமிக்ஸ். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்தான், ஆனால் 60 நாள் முழு வசதியோடு இலவசமாகப் பயன்படுத்தலாம். அசல் ஸ்விட்சருக்கு இது ஓபிஎஸ்ஸை விட நெருக்கமானது. நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி இருந்தால் இதைப் பாருங்கள்.

மூன்றாவது வழி கொஞ்சம் வேலை வாங்கும். மேலே சொன்னபடி ஏடெம் பெட்டி போலப் பேசும் போலிப் பெட்டியை உருவாக்கி, அசல் ஏடெம் மென்பொருளையே அதனுடன் இணைப்பது. பிளாக்மேஜிக் நிறுவனம் நிரலாளர்களுக்கென்று ஒரு கருவித் தொகுப்பை வெளியிட்டிருக்கிறது, ஆனால் கம்பியில் ஓடும் இந்த உரையாடலின் இலக்கணத்தை வெளியிடவில்லை. ஆர்வலர்கள் பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்டுத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இன்று பல திறமூலத் திட்டங்கள் அதன்மேல் நிற்கின்றன. நார்வே அரசு ஒளிபரப்பு நிறுவனமான என்ஆர்கே தன் செய்தி ஸ்டுடியோக்களுக்காக உருவாக்கிய சோஃபி என்ற திறமூல அமைப்பிலும் ஏடெமுடன் பேசும் நூலகம் ஒன்று உண்டு. அதைப் படித்தால் எந்தக் கட்டளைக்கு எந்தப் பைட் என்பது தெரிந்துவிடும்.

நான் செய்தது இந்த மூன்றாவது வழியை. அசல் பெட்டியுடன் மென்பொருள் இணையும் முதல் சில விநாடிகளை வயர்ஷார்க்கில் பதிவு செய்துகொண்டேன். பெட்டி கொட்டும் முழு நிலை விவரம் அதில் இருக்கிறது. பைத்தானில் எழுதிய நிரல் அதையே திருப்பி ஒப்பிக்கும். அதற்குப் பிறகு கட், ஆட்டோ, பிரிவியூ, புரோகிராம், கீயர், கருப்பாக்குதல் ஆகிய சில கட்டளைகளுக்கு மட்டும் சரியான பதில் சொன்னால் போதும். படம் வேண்டுமென்றால் அந்த நிரலே ஓபிஎஸ்ஸுக்கும் செய்தி அனுப்பும். ஓபிஎஸ் 28-ம் பதிப்பிலிருந்து வெப்சாக்கெட் வசதி உள்ளேயே வருகிறது, போர்ட் 4455. ஏடெம் மென்பொருளில் 3-ஐ அழுத்தினால் ஓபிஎஸ்ஸில் 3-ம் காட்சி வரும்.

செய்து பார்ப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஏடெம் மென்பொருளின் பதிப்பும் பெட்டியின் ஃபர்ம்வேரும் பொருந்த வேண்டும், எனவே எந்தப் பதிப்பில் பதிவு செய்தீர்களோ அதே பதிப்பில் பயிற்சி செய்யுங்கள். இரண்டாவது, போலிப் பெட்டியை வீட்டு நெட்வொர்க்கில் மட்டும் ஓட்டுங்கள். ஏடெமின் வழக்கமான முகவரி 192.168.10.240. நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் அதே முகவரியில் இரண்டு பெட்டிகள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதைப் பழக வேண்டும்?

பலர் "நான் வேகமாக மாற்றிப் பழகுகிறேன்" என்று தொடங்குகிறார்கள். வேகம் தானாக வரும். நேரலையில் மானத்தை வாங்குவது பெரும்பாலும் மெதுவான கை அல்ல, கவனிக்காமல் விட்ட ஒரு நிலை. முன்பு எப்போதோ போட்டு எடுக்க மறந்த ஒரு தேர்வு, சரியான நேரம் பார்த்து வேலையைக் காட்டும். நான் தொகுத்து வைத்திருக்கும் ஏழு பொறிகள் இவை:

1. அடுத்த டிரான்ஸிஷனில் 'பேக்ரவுண்ட்' அணைந்து 'கீ 1' மட்டும் எரிவது. கட் அடித்தால் கேமரா மாறாது, பெயர்ப்பட்டைதான் வரும் அல்லது போகும். மறுபடி அடித்தால் அது திரும்பவும் மாறும். பார்ப்பவருக்கு மின்விளக்கு மின்னுவது போல இருக்கும்.

2. டிஎஸ்கே-யில் 'டை' எரிவது. அடுத்த கேமரா மாற்றத்தோடு சேர்ந்து, நீங்கள் நினைக்காத எழுத்தும் திரைக்கு வரும்.

3. கருப்பாக்கும் பட்டன், அதாவது எஃப்டிபி, அழுத்தப்பட்டிருப்பது. எல்லாப் பட்டனும் வேலை செய்யும், பிரிவியூவில் படம் இருக்கும், வெளியே மட்டும் கருப்பு. அந்தப் பட்டன் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருக்கும். பார்க்கத் தெரிந்தால் ஒரு விநாடி வேலை. தெரியாவிட்டால் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுவார்கள்.

4. டி-பார் பாதியில் நிற்பது. இரண்டு படமும் மேலே மேலே தெரியும். இரண்டு பட்டனும் சிவப்பாக இருப்பதுதான் அடையாளம்.

5. ஏடெம் மினியில் 'கட் பஸ்' முறையா, 'புரோகிராம் பிரிவியூ' முறையா என்பது. முதல் முறையில் 2-ஐத் தொட்டாலே 2 வெளியே போய்விடும். இரண்டாவதில் பிரிவியூவுக்குத்தான் போகும். ஒரு முறையில் பழகிய கை மற்றதில் உட்கார்ந்தால் விபரீதம்.

6. வெளியீட்டுக்கு எது போகிறது என்பது. எச்டிஎம்ஐ வெளியீட்டில் புரோகிராமுக்குப் பதிலாக பிரிவியூவோ ஒரு கேமராவோ ஒதுக்கப்பட்டிருந்தால், நீங்கள் ஒழுங்காக மிக்ஸ் செய்ய, எல்இடி திரை வேறெதையோ காட்டும்.

7. ஆடியோ 'ஏஎஃப்வி'-யில் இருப்பது. படம் போகும் பக்கம் சத்தமும் போகும். நாதஸ்வர மைக் 1-ம் கேமராவில் சொருகியிருந்து, தாலி கட்டும்போது 2-க்கு மாறினால் கெட்டிமேளம் காணாமல் போகும்.

இந்த ஏழையும் கவனியுங்கள். எதைக் கண்டுபிடிக்கவும் கேமரா தேவையில்லை. ஏழும் பலகையில் எழுதியிருக்கின்றன. எனவே கணினியில் முழுமையாகப் பழகக்கூடியவை இவைதான்.

பயிற்சித் திட்டம்

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும்.

முதலில் விரலுக்கு வழி காட்டுங்கள். ஏடெம் மென்பொருளில் எண் விசைகள் பிரிவியூவைத் தேர்ந்தெடுக்கும், ஸ்பேஸ் கட், என்டர் ஆட்டோ. ஓபிஎஸ் வைத்திருந்தால் குறுக்கு விசைகளை இதே மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். கீழே பார்க்காமல் அழுத்தப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ரெண்டு ரெடி... ரெண்டு." நிகழ்ச்சியில் கேமராமேன் காதில் கேட்கப் போவது இந்தக் குரல்தான். சொல்லாமல் மாற்றும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு போகாது.

அடுத்தது பொறி வேட்டை. நண்பர் ஒருவர் மேலே சொன்ன ஏழில் ஒன்றை உங்களுக்குத் தெரியாமல் மாற்றி வைக்கட்டும். நீங்கள் திரும்பி வந்து, எந்தப் பட்டனையும் தொடாமல், பலகையைப் பார்த்தே எது தவறு என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கை வைக்கலாம். என் நிரல் தொடங்கும்போதே இவற்றில் ஒன்றைக் குலுக்கல் முறையில் மாற்றி வைக்கும். ஆடியோவும் வெளியீடும் ஓபிஎஸ்ஸில் இதே வடிவில் கிடைக்காது, அவற்றை ஏடெம் மென்பொருளில்தான் பழக வேண்டும்.

மூன்றாவது, நிகழ்ச்சி வரிசை. ஒரு தாளில் கல்யாணத்தின் வரிசையை எழுதுங்கள்: மாலை மாற்றுதல், கூறைப்புடவை, தாலித் தட்டு சபையில் சுற்றி வருதல், தாலி கட்டுதல், அம்மி மிதித்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தக் கேமரா, அடுத்து எது, திரையில் எழுத்து உண்டா என்று குறியுங்கள். தாலித் தட்டு திரும்பி ஐயர் கைக்கு வரும் நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் கடைசி இடைவெளி. அப்போது ஒரு சரிபார்ப்பு: எழுத்து எல்லாம் அணைந்ததா, பேக்ரவுண்ட் மட்டும் எரிகிறதா, டை அணைந்ததா, பிரிவியூவில் குளோசப் கேமரா இருக்கிறதா. பிறகு கட். மூன்று முடிச்சு முடியும் வரை கையை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். அட்சதை விழும்போது கூட்டத்தின் கேமரா, அப்புறம் அகலக் காட்சி.

திருமணம் பழகிய பிறகு தேருக்கு வாருங்கள். எங்களுக்குப் பக்கத்தில் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் ஆடித் தேர் இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கத்தைத் தொடர்ந்து இன்று துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வடம் பிடிக்கிறார்கள். அங்கே வரிசை தெரியும், நேரம் தெரியாது. தேர் எப்போது அசையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இதற்கான பயிற்சி வேறு: பழைய தேர்த் திருவிழா வீடியோவை ஓடவிட்டு, பிரிவியூவில் சக்கரத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பது. பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காமல் கவனம் சிதறாமல் இருப்பதும் ஒரு திறமைதான்.

டிரான்ஸிஷன் வேகத்தையும் காதால் பழகுங்கள். நம் நாட்டில் விநாடிக்கு 25 ஃபிரேம் என்ற கணக்கில் ஏடெமில் 1:00 என்றால் ஒரு விநாடி, 0:12 என்றால் ஏறக்குறைய அரை விநாடி. நாதஸ்வரத்தின் மெதுவான கீர்த்தனைக்கு ஒரு விநாடி மிக்ஸ் அழகாக இருக்கும். கெட்டிமேளத்தில் அதையே போட்டால் ஒட்டாது, அங்கே கட்தான்.

கடைசியாக, பதிவேடு. போலிப் பெட்டிக்கு வரும் ஒவ்வொரு கட்டளையையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதிவைக்கலாம். ஓபிஎஸ் மட்டும் வைத்திருப்பவர் வெளியீட்டை ரெக்கார்ட் செய்யலாம். பயிற்சி முடிந்ததும் அதை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். தாளில் இல்லாத மாற்றம் எத்தனை, அவற்றில் தேவையானது எது, பதற்றத்தில் போனது எது என்று தெரியும்.

கணினி எதைத் தராது?

முதலில், மனிதர்கள். கோப்பில் இருக்கும் கேமரா எப்போதும் ஃபோகஸில் இருக்கும். அசல் கேமராமேன் நீங்கள் கூப்பிடும் நேரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். அவரிடம் எப்போது கேட்பது, எப்போது அவருக்காகக் காத்திருப்பது என்பது ஆட்களோடு பழகித்தான் வரும். ஓரளவுக்கு ஈடுகட்ட ஒரு வழி உண்டு: இரண்டு நண்பர்களின் போன்களைக் கேமராவாக ஓபிஎஸ்ஸில் இணைத்து, அவர்களைத் தெருவில் கிரிக்கெட் ஆட்டத்தை எடுக்கவிட்டு, நீங்கள் போன் காலில் கட்டளை சொல்லுங்கள். மூன்று ஓவருக்குள் நிறையப் புரியும்.

இரண்டாவது, தாமதம். அசல் அமைப்பில் கேமராவிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து எல்இடி திரை என்று ஒவ்வொரு கட்டத்திலும் சில ஃபிரேம் தாமதம் சேரும். உங்கள் காதில் மேளம் முன்னால் விழும், திரையில் கை பின்னால் விழும். கணினிப் பயிற்சியில் இந்த இடைவெளி வேறு அளவில் இருக்கும். அதை மண்டபத்தில்தான் உணர முடியும்.

மூன்றாவது, கம்பி. தளர்ந்த எச்டிஎம்ஐ, ஜெனரேட்டர் மாறும்போது துடிக்கும் மின்சாரம், சூட்டில் அணையும் கேமரா. இவற்றுக்கு அண்ணன்கள்தான் ஆசிரியர்கள். அதனால் இந்தப் பயிற்சி அவர்களுடைய இடத்தைப் பிடிக்காது. நிகழ்ச்சியில் அவர்கள் பக்கத்தில் நிற்கும் நேரத்தை "இந்த பட்டன் எதுக்கு?" என்று கேட்பதில் செலவழிக்காமல், மேலே சொன்னவற்றைக் கற்பதில் செலவழிக்கலாம். அதுதான் இதன் லாபம்.

யூனிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, பெட்டி அலமாரியில்தான் இருக்கும். அப்படி ஒரு மதியம் உங்களிடம் வேலை செய்யும் பையனுக்குப் பெட்டியையும் இரண்டு கேமராவையும் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் ஒரு மாதம் கணினியில் பழகிவிட்டு வந்தவனாக இருந்தால், அவன் பெட்டியைத் தொடும் முன் பலகையை ஒரு முறை மேலிருந்து கீழ் வரை பார்ப்பான். அதைக் கவனித்தாலே போதும், அடுத்த தை மாதம் நீங்கள் நிம்மதியாகப் பந்திக்குப் போகலாமா என்பது தெரிந்துவிடும்.